முக்கால் ஆள் சீட்டு

வாங்க சார், இங்கயே நடுவுல உக்காருங்க. பின்னாடி காலியா இருக்குன்னு போயிடாதீங்க. கடைசி சீட்டுல உக்காந்தீங்கன்னா மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள சாப்பிட்டது வெளிய வந்துரும். ஒவ்வொரு வளைவுலயும் பின்பக்கம் வீசிட்டுப் போகும்ங்க. நான் இத்தனை வருசமா மாசம் ஒருக்கா கோத்தகிரி ரோட்டுல ஏறி எறங்கற ஆளு, சொன்னாக் கேளுங்க.

சாக்கு மூட்டையா? அது என்ற மடியிலயே இருக்கட்டுங்க. மேல வெக்க வேண்டாம். கண்டக்டரு கூட, பெரியவரே, கீழ வெச்சுருங்கன்னு சொல்லிட்டுத்தான் போறாரு. சொல்லட்டும். உள்ள சீட்டு இருக்குது. கார் சீட்டு. முழு சீட்டு இல்லீங்க, முக்கால் ஆள் உக்கார்ற சீட்டு. செவப்பு ரெக்சின் போட்டு, உள்ள தேங்கா நாரு அடைச்சு, நானே தெச்சது. கால மடக்கிக் குறுக்கால உக்காரணும். கொஞ்ச நேரத்துலயே முட்டி மரத்துப் போயிரும். இன்னைக்கு மத்தியானம் நானே போல்ட்டைக் கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். இனிமே அந்த வண்டில இதுக்கு எடமில்லீங்க. இதோட எடத்துல என்ஜின் வந்து உக்காந்துருச்சு.

உங்களுக்குக் கார் பத்தித் தெரியுமுங்களா? தெரியாதா? நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க கிட்டப் பேசினா கடைசில எல்லாரும் என்ற கூட்டாளி மக பக்கமே சாயறாங்க.

என்ற பேரு மயில்சாமி. கோயமுத்தூர் கணபதில லேத் பட்டறை வெச்சிருக்கேன். வரதன்னு ஒருத்தன், என்ற கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரு பம்ப் கம்பெனில ஒண்ணா அப்ரண்டிஸா சேந்தோம். அவுங்க அப்பாவுக்கு இங்க மேல கோத்தகிரில தேயிலைத் தோட்டம். எங்கப்பனுக்கு ஒண்ணுமில்லே. ஆனா டிபன் டப்பா ஒண்ணுதான். அவன் தொறந்தா நான் திம்பேன், நான் தொறந்தா அவன் திம்பான். எழுபத்தி ஒம்பதுல ரெண்டு பேருக்கும் ஒரு கிறுக்குப் புடிச்சுது. நாமளே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டணும்னு.

சிரிக்காதீங்க. கட்டுனோம். முதுகு வளைஞ்ச வெளிநாட்டு வண்டி ஒண்ணு அடிபட்டு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு வந்துச்சு. அதோட என்ஜினையும் கியர்பாக்ஸையும் தூக்கியாந்தோம். பைப்பை வளைச்சு பிரேம் நான் வெல்டிங் அடிச்சேன். அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி பாடி. மஞ்சப் பெயிண்டு. ரெண்டு வருசம் ஆச்சுங்க. அவினாசி ரோட்டுல போனா சைக்கிள்ல போறவனெல்லாம் எறங்கி நின்னு பாப்பான்.

அதுல ஒரே ஒரு வாக்குவாதம். என்ஜினை எங்க வெக்கறதுன்னு. பின் சக்கரம் ரெண்டையும் சேக்கறது ஆக்சில், தெரியும்ல? என்ஜின் அந்த ஆக்சிலுக்குப் பின்னால தொங்குனா அது பின் என்ஜின் வண்டி. ஆக்சிலுக்கு முன்னால, டிரைவர் முதுகை ஒட்டி வந்தா நடு என்ஜின் வண்டி. வித்தியாசம் என்னமோ ரெண்டடிதானுங்க. அந்த ரெண்டடிக்குத்தான் இத்தனை பேச்சு.

வரதன் மொத மொத காயிதத்துல வரைஞ்சப்ப நடுவுலதான் போட்டிருந்தான். நான் வாங்கிப் பாத்தேன். நடுவுல என்ஜின் வந்தா ரெண்டே சீட்டு. ஒண்ணு இவனுக்கு. இன்னொண்ணு... அப்பத்தான் அவனுக்கு வத்சலான்னு ஒரு பொண்ணைப் பாத்துப் பேசி வெச்சிருந்தாங்க. சரி, அது கெடக்கட்டும். நான் சொன்னேன், என்ஜின் பின்னாலயே இருக்கட்டும்டான்னு. சீட்டுக்காகச் சொல்லலீங்க! அப்படி நெனச்சுக்காதீங்க. பிடிமானத்துக்காகச் சொன்னேன். பின்னால கனம் இருந்தா டயரு ரோட்ட விடாது. மழை பேஞ்ச மலை ரோட்டுல பின் என்ஜின் வண்டி ஏறற மாதிரி எதுவும் ஏறாதுங்க. தள்ளுவண்டிக்காரன் எங்க நின்னு தள்றான்? பின்னால நின்னுதானே? அவ்வளவுதான் கணக்கு. என்ஜின் பின்னால போனதும் நடுவுல கொஞ்சம் எடம் மிச்சமாச்சு. எதுக்கு வீணாக்கணும்னு ஒரு சின்ன சீட்டு போட்டேன்.

இந்த பஸ்ஸுல மட்டும் பின்பக்கம் வீசுதேங்கறீங்களா? பஸ்ஸு வேற, காரு வேறங்க. ரெண்டையும் ஒண்ணாப் பேசாதீங்க. வரதன் மகளும் இதையேதான் கேட்டுச்சு.

பின் என்ஜின் வண்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான் சார். வளைவுக்குள்ள போயிட்டா கால எடுக்கக் கூடாது. மிதிச்ச ஆக்சிலேட்டரு மிதிச்சபடி இருக்கணும். பயந்துட்டு கால எடுத்தீங்க, பின்னால இருக்கற கனம் அப்படியே வீசி, வண்டி பம்பரமாச் சுத்திரும். இதை வரதன் கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கேன். நூறு தடவை. எண்பத்தி மூணு ஏப்ரல்ல, இதே ரோட்டுல, இதே மாதிரி கீழ எறங்கும்போது அவன் கால எடுத்துட்டான். நாங்க மைல்கல் வளைவுன்னு சொல்லுவோம், ஒரு பழைய மைல்கல் சாஞ்சு நிக்கும். இன்னும் சித்த நேரத்துல வரும், காட்டறேன். ஒரு மாடு குறுக்க வந்துச்சு, இவன் கால எடுத்தான், வண்டி சுத்திப் பள்ளத்துல போயி மரத்துல அடிச்சுது. வரதனுக்கு இடுப்பு போச்சு. வலது கால் அன்னைக்கு விழுந்ததுதான். இன்னைக்கு வரைக்கும் ரெண்டு கக்கத்துலயும் கட்டை வெச்சுத்தான் நடக்கறான்.

வண்டி மேல தப்பில்லீங்க. கால எடுத்தது தப்பு. நாப்பது வருசமாச் சொல்றேன், யாரும் மறுத்துப் பேசினதில்லே. வரதனே மறுத்துப் பேசினதில்லே.

வத்சலாவுக்கு நெத்தில ஒரு வெட்டு, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்க. இவன் கட்டையோட நின்னப்பவும் அவனையேதான் கட்டுவேன்னு கட்டிக்கிச்சு. எனக்கா? எனக்கு ஒரு சிராய்ப்பு கூட இல்லே. நான் பின் சீட்டுல இருந்தேன். இந்த சீட்டுலதான். இதோ மடியில இருக்குதே, இதுலதான்.

அப்பறம் அவன் கோத்தகிரிக்கே போயிட்டான். வண்டி நசுங்கிக் கெடந்துச்சு. நான் அதை லாரில ஏத்தி என்ற பட்டறைக்குக் கொண்டாந்து ஆறு வருசம் உக்காந்து சரி பண்ணேன். ஒரு நூல் மாறாம, முந்தி எப்படி இருந்துச்சோ அதே மாதிரி. என்ஜின் பின்னாலயே. அதுல ஒரு பிடிவாதம்தான், ஒத்துக்கறேன். கொண்டு போயி அவன் வீட்டு ஷெட்டுல நிறுத்துனேன். அவன் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, ‘அப்படியே இருக்குது மயிலு’ன்னான்.

ஓட்ட ஆளில்லாத வண்டி சும்மா நின்னா கெட்டுப் போயிருமில்லீங்களா? அதனால மாசத்துல மொத ஞாயித்துக்கெழமை நான் மேல போவேன். ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிசம் ஓட விட்டு, கேட்டு வரைக்கும் போயிட்டு வந்து நிறுத்துவேன். வத்சலா காப்பி குடுக்கும். வரதனும் நானும் ஷெட்டுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காருவோம். மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் பஸ்ஸு. எனக்குக் கல்யாணம், புள்ளைகுட்டி ஒண்ணுமில்லே, அதுக்கெல்லாம் எங்க நேரம்? மழையோ மண்சரிவோ, போகாத மாசமில்லே. வத்சலா தவறி மூணு வருசம் ஆச்சு. அந்த மாசம் கூட கருமாதி முடிஞ்சதும் போயி வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் வந்தேன். அன்னைக்குக் காப்பி குடுக்க ஆளில்லே. நானே போட்டேன்.

வரதன் பொண்ணு பேரு மேகலா. மெட்ராஸ்ல ஒரு கார் கம்பெனில என்ஜினியரா இருந்துச்சு. அம்மா போனதும் வேலையை விட்டுட்டு அப்பங்கூட வந்துருச்சு. என்னையப் பெரியப்பான்னுதான் கூப்பிடும். தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை ஷெட்டுல என் பக்கத்துல வந்து நின்னு, ‘பெரியப்பா, இதுல அப்பாவைக் கூட்டிட்டு மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரணும். ஆனா இப்படியே ஓட்ட மாட்டேன். என்ஜினை ஆக்சிலுக்கு முன்னாடி கொண்டு வந்துடலாமா?’ன்னு கேட்டுச்சு.

எனக்கு அப்படியே ஒடம்பெல்லாம் எரிஞ்சுது சார்.

எட்டு மாசம் சண்டை. அது நாலு சக்கரத்துக்கும் அடியில நாலு தராசு வெச்சு, ‘பாருங்க, முக்காவாசி கனம் பின்னாடிதான் இருக்கு’ங்கும். இருக்கட்டும், அதுதான் பிடிமானம்பேன். ‘ஒருத்தர் பயந்து கால எடுத்தா ஆளைக் கொல்ற வண்டி எப்படி நல்ல வண்டி பெரியப்பா?’ங்கும். எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு ஓட்டணும்பேன். ‘பயந்தா யாருன்னாலும் எடுக்கத்தான் செய்வாங்க’ங்கும். பழசைப் பழசா வெக்கணும், அதுதான் அந்த வண்டியோட அடையாளம்னு கூடச் சொல்லிப் பாத்தேன். ‘அப்பா மொதல்ல வரைஞ்ச படம் என் கிட்ட இருக்கு, அதுல நடுவுலதானே இருக்கு’ன்னுச்சு. அந்தக் காயிதத்தை வத்சலா பீரோல பத்திரமா வெச்சிருந்திருக்குது சார். எதுக்குன்னு தெரியலை.

வரதன் நடுவுல உக்காந்து ரெண்டு பேரையும் பாத்துட்டே இருந்தான். நீ சொல்லுடான்னேன். ‘வண்டி உன்னுது மயிலு’ன்னான். அப்பறம் மகளைப் பாத்து, ‘ஓட்டப் போறது நீ’ன்னான். இதென்ன பதிலுங்க?

நான் செய்ய மாட்டேன்னுட்டேன். ரெண்டு மாசம் மேல போகவும் இல்லே. இத்தனை வருசத்துல மொத தடவை. நான் இல்லாம எப்படிச் செய்யறாங்கன்னு பாக்கலாம்னு பட்டறையிலயே உக்காந்திருந்தேன். அது வெளிய ஆளுங்களை வெச்சு பிரேமை அறுத்து, வெல்டிங் அடிச்சு, செஞ்சே போட்டுச்சு.

ஆனா ஒண்ணு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் சொல்லலை. என்ஜினை முன்ன கொண்டு வரணும்னா என்ஜினும் கியர்பாக்ஸும் சேந்த மொத்தத்தையும் முன்பின்னாத் திருப்பிப் போடணும். திருப்பினா சக்கரம் எதிர்ப்பக்கமாச் சுத்தும். அதுக்குக் கியர்பாக்ஸைப் பிரிச்சு, உள்ள இருக்கற பெரிய பல்லுச் சக்கரத்தை, கிரவுன் வீல்னு சொல்லுவோம், அதை அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் மாத்தி மாட்டணும். புதுசா வந்த பசங்களுக்கு இது எங்க தெரியும்? அந்தக் கியர்பாக்ஸை இந்த ஊர்ல தொறந்து பாத்த கை இது ஒண்ணுதான்.

போன வியாழக்கெழமை போன் வந்துச்சு. ‘பெரியப்பா, சிரிக்காதீங்க. வண்டி பின்னாடி போகுது.’ நாலு கியரும் ரிவர்ஸு! ரிவர்ஸு போட்டா முன்னாடி போகுதாம்! நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துப் பட்டறைக்காரன் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டான். ரெண்டு நாள் சிரிச்சேன். மூணாவது நாள் ஸ்பேனர் பையை எடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். என்ன பண்றதுங்க, தொட்ட கையாச்சே.

நேத்தெல்லாம் பிரிச்சு மாத்துனேன். இன்னைக்கு மத்தியானம் மாட்டி முடிச்சேன். மேகலா ஏறி உக்காந்து மொதல் கியரப் போட்டுச்சு. வண்டி முன்னாடி போச்சு. கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயி, ரெண்டு வளைவு சுத்தி வந்து நின்னுச்சு. எறங்கி வந்து என்ற கையைப் புடிச்சுக்கிச்சு. கையெல்லாம் கிரீஸு. நான் சரி சரின்னு இழுத்துக்கிட்டேன். மூலையில இந்த சீட்டு கெடந்துச்சு. பிரேமுல வெட்டுன துண்டோட ஒட்டிட்டு இருந்துச்சு. உக்காந்து போல்ட்டைக் கழட்டுனேன்.

அப்பத்தான் வரதன் கட்டையை ஊனிட்டு வந்து என் முன்னாடி நின்னான். நான் சீட்டைச் சாக்குல போட்டுட்டு இருக்கேன். சொல்றான்: ‘மயிலு, உனக்கு ஒரு எடம் வேணும்னுதானே அன்னைக்கு என்ஜினைப் பின்னாடி வெச்சே? வாயத் தொறந்து கேட்டிருந்தா முன்னாடியே உக்கார வெச்சிருப்பேனேடா.’

பாத்தீங்களா அவன் பேச்சை? எனக்கு எடம் வேணுமாம். நான் பிடிமானத்துக்காகச் சொன்னேன். உங்க கிட்ட எவ்வளவு நேரமா வெளக்கிட்டு இருக்கேன், நீங்களே சொல்லுங்க. இத்தனை வருசம் இதை மனசுல வெச்சிருந்திருக்கான். மாசாமாசம் எதுத்தாப்புல உக்காந்து காப்பி குடிச்சிருக்கான், வெளிய காட்டிக்கலை.

சொல்லிட்டுக் கட்டையை நீட்டி அந்த வண்டியோட இடப்பக்க சீட்டைக் காட்டறான். வத்சலா உக்கார்ற சீட்டு. ‘ஏறு. மொதல்ல நீ போயிட்டு வா. புள்ள ஓட்டட்டும். நான் அப்பறமாப் போறேன்’ங்கறான். மேகலா கதவைத் தொறந்து புடிச்சுட்டு நிக்குது.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டேன்.

ஆமாங்க, அரை மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. தெரியும். வீட்டுலயும் யாரும் காத்துட்டு இல்லே. ஆனா வாயில அதுதான் வந்துச்சு. சாக்கைத் தூக்கிட்டு வந்துட்டேன். திரும்பிப் பாக்கலை. ஸ்பேனர் பையை அங்கயே விட்டுட்டேன்னு இங்க வந்து உக்காந்த பொறகுதான் தெரியுது.

இதோ பாருங்க, இந்த வளைவுதான். அந்த மைல்கல்லு தெரியுதா? சாஞ்சு நிக்குதே, அதுதான். இங்கதான்.

மாடா? எந்த மாடு?

ஓ... மாடு. ஆமா, சொன்னேன். மாடு இருந்துச்சு. இருந்திருக்கும். இந்த ரோட்டுல மாட்டுக்கு என்ன பஞ்சம்.

உங்க கிட்ட எதுக்கு மறைக்கணும், கீழ எறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. மாடு இல்லீங்க. அவங்க ரெண்டு பேரும் முன்னாடி என்னமோ பேசிச் சிரிச்சாங்க. எனக்குக் கேக்கலை. என்ஜின் என்ற காதுக்குப் பின்னாலயே கத்திட்டு இருக்குது. என்னடா என்னடான்னு கேட்டேன். அவங்க காதுல விழலை. மறுபடி சிரிச்சாங்க. அவ கை அவன் தோள் மேல இருந்துச்சு. நான் சத்தமா, ரொம்பச் சத்தமா, ‘வரதா!’ன்னு கத்துனேன். அவன் பதறித் திரும்பினான். திரும்பும்போது கால எடுத்துட்டான். வளைவுக்குள்ள இருந்தோம்.

இத்தனை வருசத்துல ஏன்டா கூப்பிட்டேன்னு அவன் ஒரு தடவை கூடக் கேக்கலை சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என்னத்தைச் சொல்லியிருப்பேன்னு தெரியலை.

ஏன் நிறுத்திட்டாங்க? தோட்டத்துப் பொம்பளைங்க எறங்கறாங்களா. வளைவு திரும்பின எடத்துலயா நிறுத்துவாங்க, மேல இருந்து வர்றவனுக்குத் தெரியாதே.

சித்த இருங்க. பேசாதீங்க.

கேக்குதுங்களா? மேல. தையல் மிஷினு ஓடற மாதிரி ஒரு சத்தம், அடியில கொஞ்சம் கரகரப்பு. அது அந்த வண்டிதான். என்ற வண்டி. எனக்குத் தெரியாதா. மூணாவது கியர்ல வருது. வேகமா வருது. நான் திரும்ப மாட்டேன், நீங்க ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. மஞ்ச வண்டி. வருதா? யாரு ஓட்டறா, பொண்ணா? பக்கத்து சீட்டுல ஆள் இருக்கா? கட்டை வெச்ச ஆளு?

காலியா?

காலியாத்தான் வருதா. என்னையக் கூட்டிட்டுப் போக வருது சார். அவன் அனுப்பியிருப்பான். ஸ்பேனர் பையைக் குடுக்கறேன்னு ஒரு சாக்கு. ஐயோ, இது வளைவுல நிக்கற பஸ்ஸைப் பாக்கலையே. அம்மணி, கால எடுக்காத. எடுக்காத சாமி, எடுக்காத...

எடுத்துட்டா.

சத்தம் அடங்கிருச்சு, கேட்டீங்களா? கால எடுத்துட்டா. நட்ட நடு வளைவுல.

என்ன ஆச்சு? என்னால பாக்க முடியலை, நீங்க சொல்லுங்க. நின்னுருச்சா? நேரா வந்து பஸ்ஸுக்குப் பின்னால நின்னுருச்சா? ஹாரன் அடிக்குது. ஆமா, என்னையத்தான் கூப்பிடுது. கண்டக்டரு தம்பி, சித்த பொறுப்பா. எந்திரிக்கணும். இந்த சீட்டைக் கொஞ்சம் புடிங்க சார்.

இல்லே, வேண்டாம், விடுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்கதான் பாத்தீங்க. பின்பக்கம் வீசலையா? கொஞ்சம் கூடவா? நல்லாப் பாத்தீங்களா சார், அவ கால எடுத்தும் ஒண்ணுமே ஆகலையா?